ஷிப்ட் பஸ்ஸை நிறுத்திய பெயர்

1

இங்குள்ள குடியுரிமை அலுவலகத்தில் போன மாதம் ஓர் அம்மாள் எனக்கு ஒரு சலுகை கொடுத்தார். விரும்பினால் என் பெயரை அங்கேயே விட்டுவிட்டுப் போகலாமாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். தரைக்குக் கீழே பழுப்பு நிலக்கரி, தரைக்கு மேலே அதைத் தோண்டும் ராட்சத இயந்திரங்கள். கணவருக்கு அந்த இயந்திரங்களோடு வேலை. நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று கிளம்பும்போதே கேலி செய்தார்கள். பெண்ணைக் கரியிலே பெற்றுக் கரிக்கே கட்டிக்கொடுத்துவிட்டோம் என்பது அப்பாவின் நிரந்தர வசனம்.

அப்பாவின் பெயர் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரர். சுரங்கத்தில் வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தவர். ஊரில் என் பெயருக்கு முன்னால் 'சு' என்று ஒரே எழுத்தாக அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தார். இந்த நாட்டில் பாஸ்போர்ட்டின் புண்ணியத்தால் என் குடும்பப் பெயராகிவிட்டார். வங்கியிலும் மருத்துவமனையிலும் என்னை 'ஃப்ராவ் சுடலைமுத்து' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஃப்ராவ் என்றால் திருமதி. முறுக்கு மீசை வைத்த என் அப்பா இங்கே திருமதி சுடலைமுத்துவாக உலவிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது, "உங்கம்மாகிட்ட சொல்லிராத, சேலை எடுத்துக் குடுத்துருவா" என்றார்.

என் பெயர் அஞ்சலை. அதை ஆங்கில எழுத்தில் எழுதி ஜெர்மன்காரர் கையில் கொடுத்தால் அதிலுள்ள 'ஜே' எழுத்தை 'ய' என்று படிப்பார். கடைசியில் இருக்கும் 'லை'யை 'லாய்' ஆக்குவார். அன்யலாய். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அது தேய்ந்து 'அன்யா' ஆனது. அன்யா இங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் பெயர். நம் ஊரில் கவிதா மாதிரி.

இந்தக் கதை தெரிந்துதான் அலுவலக அம்மாள் கேட்டார். குடியுரிமை வாங்கும் சமயத்தில், வெளிநாட்டுப் பெயரை ஜெர்மன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. "எல்லோரும் உங்களை அன்யா என்றுதானே அழைக்கிறார்கள்? தாளிலும் அதுவே இருந்தால் வாழ்க்கை எளிதாகும். அடுத்த முறை வரும்போது முடிவு சொல்லுங்கள்."

அவர் குரலில் துளி ஏளனம் இல்லை. எனக்கும் துளி வருத்தம் இல்லை. உண்மையைச் சொன்னால், பழம் நழுவிப் பாலில் விழுந்தது மாதிரி இருந்தது.

2

ஏன் என்று கேட்பீர்கள். கடலூர், விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கே அஞ்சலை இல்லாத ஊர் கிடையாது. பண்ருட்டிச் சந்தையில் நின்று 'அஞ்சலை' என்று ஒரு குரல் கொடுத்தால் பலாப்பழக் கூடைக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர், முந்திரி உடைக்கும் இடத்திலிருந்து மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நடவுக்குப் போகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், களையெடுப்பவர்கள். மண்ணோடு வேலை செய்கிறவர்களின் பெயர் அது.

நாங்களோ நகரியத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள். பிளாக்குக்கு ஒரு எண், தெருவெல்லாம் நிழல், வீட்டுக்கு ஒரு சைக்கிள், அப்பாவுக்கு பெர்மனென்ட் வேலை. எங்கள் தெருவில் உமா, கவிதா, ஸ்ரீதேவி என்று பெண் பிள்ளைகள் இருந்தார்கள். மதுரை, கோயம்புத்தூர், நாகர்கோவில் என்று ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு மூலையிலிருந்து வந்தது. பெயரில் மட்டும் எல்லோரும் ஒரே கடையில் வாங்கியது போல இருப்பார்கள். நடுவில் நான் ஒருத்தி அஞ்சலை.

பள்ளிக்கூடத்தில் என்னை 'தபால் பெட்டி' என்றார்கள். அஞ்சல் நிலையம் என்று போர்டு பார்த்தால் தோழிகள் என் முதுகில் முத்திரை குத்துவார்கள். புதிதாக வரும் ஒவ்வொரு வாத்தியாரும் முதல் நாளே கேட்பார்.

"உங்களுக்கு பண்ருட்டிப் பக்கமா?"

"இல்ல சார். திருநெல்வேலி."

"அப்புறம் எப்படி இந்தப் பேரு?"

அது எனக்கும் தெரியாது. எங்கள் வழக்கப்படி முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்த குடும்பத்தில் கெடிலத்துக் கரைப் பெயர் எப்படி வந்து உட்கார்ந்தது என்று அம்மாவைக் கேட்டால், "நல்ல பேருதாம்ட்டி, போ" என்று அடுப்படிக்குள் போய்விடுவாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் அம்மாவுக்கு ஓர் ஆனந்தம் இருந்தது. சாயங்காலம் விளையாடப் போனால் பிளாக்கே கேட்கும்படி 'அஞ்சலை, ஏட்டி அஞ்சலை' என்பாள். இரண்டாவது ஷிப்டுக்கு ஊதும் சுரங்கச் சங்கைவிட என் அம்மாவின் குரல் பெரிது என்று அடுத்த வீட்டு மாமா சொல்வார். எனக்கு மானம் போகும்.

3

இங்கே நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். சட்டையில் 'அன்யா' என்று ஒரு வில்லை. பல் வலிக்கு வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டும் ஆறடி ஆண் அந்த நாற்காலியில் சாய்ந்ததும் குழந்தையாகிவிடுவார். அவர்களிடம் நான் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: 'கைன அங்ஸ்ட்'. பயம் வேண்டாம் என்று அர்த்தம். அங்ஸ்ட் என்றால் அச்சம். அந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

ஒருமுறை மதிய உணவு நேரத்தில் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மருத்துவர் "அன்யா" என்று கூப்பிட்டார்.

"யாருட்டி அது? என்னமோ அந்நியாங்கான்?"

"என்னைத்தான்மா. இங்க எனக்கு அன்யான்னு பேரு."

"அந்நியமா? பெத்த பிள்ளைக்கு அந்நியம்னு எவனாவது பேரு வைப்பானா?"

விளக்கிச் சொன்னேன். ஆனாலும் அன்று அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது. வழக்கமாகக் கேட்கும் 'என்ன குழம்பு' கூட இல்லாமல் போனை வைத்துவிட்டாள். அப்போது அது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

4

என் மகள் மலருக்குப் பதின்மூன்று வயது. அவள் பெயர் இங்கே 'மாலர்' ஆகிறது. அப்படியென்றால் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். அவள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தமிழைப் பற்றியும் கவலைப்படுவதில்லை. சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு நான் இழுத்துக்கொண்டு போகிறேன். வேப்பங்கொழுந்து தின்பது போல உட்கார்ந்துவிட்டு வருகிறாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். அதட்டினால் ஒரு தமிழ்ச் சொல்லை ஊறுகாய் போலத் தொட்டுக்கொள்வாள்.

அலுவலகத்திலிருந்து வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தேன். "நான் அன்யாவா மாறப்போறேன்."

கணவர் சாம்பாரிலிருந்து தலையைத் தூக்கி, "உன் பேரு, உன் இஷ்டம்" என்றார். மலர் தோளைக் குலுக்கினாள். விஷயம் முடிந்தது.

அந்த வார வீட்டுப்பாடம் எதிர்மறை வினை. போனான், போகலை. வந்தான், வரலை. அவள் மேசையில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முணுமுணுப்பு நின்றது. பாதி ஜெர்மனும் பாதி தமிழுமாக ஒரு கேள்வி வந்தது.

"அம்மா, உன் பேர் ஒரு வெர்பா?"

"என்னது?"

"போகலை, வரலை, சாப்பிடலை, அஞ்சலை. சேம்தானே? 'அஞ்சு'ன்னு வெர்ப் இருக்கா?"

"அஞ்சுன்னா ஃபைவ்டி. ஒழுங்கா எழுது."

"இல்லை, இங்க இருக்கு." புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவில் விரலை வைத்தாள். "அஞ்சு. அங்ஸ்ட். பயப்படு. அப்போ அஞ்சலைன்னா பயப்படலை."

கையில் பாதி மடித்த துண்டோடு நின்றேன். அஞ்சுவது என்றால் பயப்படுவது என்று எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். ஆனால் அந்தச் சொல்லையும் என் பெயரையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. நம் வீட்டில் யாரும் 'அஞ்சுகிறேன்' என்று பேசுவதில்லை, 'பயமாயிருக்கு' என்றுதான் பேசுகிறோம். வெளியே நின்று பார்க்கிற பிள்ளைக்குத் தெரிந்தது, உள்ளே குடியிருந்த எனக்குத் தெரியவில்லை.

தமிழ் வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு சொன்னார்: "மலர் சொன்னது இன்னிக்குப் பேசற தமிழ்க் கணக்கு. பழைய தமிழ்ல அதுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கு. எதிர்ல நிக்கறவரைப் பாத்து 'அஞ்சலை'ன்னா 'அஞ்சாதே'ன்னு அர்த்தம். அது ஒரு ஏவல்." அதோடு நேர்மையாக இன்னொன்றும் சேர்த்தார். தீமிதி நடக்கும் அம்மன் கோயில்கள் அந்தப் பக்கத்தில் நிறைய. பாரதக் கதையில் ஐவரை மணந்தவளான அந்த அம்மனின் பெயர்தான் மக்கள் வாயில் தேய்ந்து அஞ்சலை ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. எது வேர் என்று அடித்துச் சொல்ல முடியாது.

முடியாவிட்டால் போகட்டும். எனக்கு அதுவே போதும். பேச்சிலிருந்து மறைந்துபோன ஒரு சொல்லைப் பலாக்கூடைக்காரிகளும் நடவுக்காரிகளும் பெயராக்கி, அர்த்தம்கூடக் கேட்காமல், தலைமுறை தலைமுறையாகச் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ச் செம்மண்ணுக்குக் கீழே கரி கிடந்தது போலக் கிடந்திருக்கிறது. மலைத்துப்போய்விட்டேன். பல் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று இத்தனை வருடமாக நான் 'கைன அங்ஸ்ட்' என்று சொன்னதெல்லாம் என் பெயரைத்தானா?

5

நெய்வேலிக்கு போன் போட்டேன். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நகரியத்துக்கு வெளியே சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அம்மாதான் எடுத்தாள். இந்த முறை விடுவதாக இல்லை. பெயரை மாற்றும் வாய்ப்பு வந்திருப்பதையும் சொன்னேன்.

"மாத்தணும்னா மாத்திக்க. ஆனா அது யார் பேருன்னு கேட்டுக்கிட்டு மாத்து."

"யார் பேரும்மா?"

"பலாச்சுளைக்காரி பேரு."

அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

அம்மா கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. தெரிந்தவர் யாரும் இல்லை. ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை; வீட்டை 'வூடு' என்கிறார்கள், இருந்துகொண்டு என்பதை 'இருந்துகினு' என்கிறார்கள். சங்கு ஊதினால் தூக்கிவாரிப் போடும். பிரசவத்துக்கு ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தாள். அதற்குள் ஒரு மதியம் வலி வந்துவிட்டது. அப்பா முதல் ஷிப்ட், சுரங்கத்துக்குள். பக்கத்து வீடு பூட்டு. அன்றைக்குக் குவார்ட்டர்ஸில் யார் வீட்டிலும் போன் கிடையாது.

"தரையில கெடக்கேன். எந்திரிக்க முடியல. செத்துருவேன்னே நெனச்சேன். அப்பதான் பின்வாசல்ல சத்தம். 'யம்மா, பலாச்சொள வோணுமா?' அதுக்கு முந்தி ரெண்டு தடவ அவகிட்ட வாங்கிருப்பேன், அம்புட்டுதான் பழக்கம். உள்ள எட்டிப் பாத்தா. கூடைய அப்படியே போட்டா. 'ஐய, இன்னாம்மா இப்பிடிக் கெடக்குற, ஏந்திரு, என் தோள புட்ச்சுக்கோ'ன்னா. ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா."

ரோட்டில் வந்தது ஷிப்ட் பஸ். இரண்டாவது ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குப் போவது. வெளி ஆட்களை ஏற்றாது, நேரம் தவறாது, வழியில் நிற்காது. நகரியத்தில் யாரும் அதற்குக் கை காட்டுவதே கிடையாது. அது நிற்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அவ என்னை மரத்தடில சாச்சுட்டு நடு ரோட்டுல போய் நின்னா. கைய இப்படி விரிச்சுத் தூக்கிட்டு நின்னா பாரு. ஆடல, அசையல. பஸ்ஸு அவ மூக்குக்கிட்ட வந்து நின்னுச்சு. டிரைவர் கத்துதான், 'ஷிப்ட் பஸ்ஸும்மா இது, ஏத்தக் கூடாது'ன்னு. 'ஏத்தலன்னா என் மேல ஏத்திக்கினு போ'ன்னுட்டா."

அம்மா போனில் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்குக் கண் கலங்கியது எப்போது என்று தெரியவில்லை.

உள்ளேயிருந்த ஆண்கள் எழுந்து மூன்று பேர் உட்காரும் சீட்டைக் காலி செய்தார்கள். பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது.

"பஸ்ஸுக்குள்ள அவ மடிலதான் தலை. 'ஒன் பேரென்ன'ன்னு கேட்டேன். அஞ்சலைன்னா. எனக்கு சாமி பேரு ஒண்ணும் நெனப்பு வரல. நோவு வர்றப்பல்லாம் அஞ்சலை, அஞ்சலைன்னு அவளத்தான் கூப்பிட்டேன். 'இக்கிறேம்மா, இங்கதான் இக்கிறேன்'னு சொல்லிக்கிட்டே வந்தா. ஆஸ்பத்திரிக்குள்ள விடல அவள. அப்பயும் நான் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். நர்சு, நீ பொறந்ததும், 'யாரும்மா அந்த அஞ்சலை'ன்னு கேட்டா. இவதான்னு உன்னைக் காமிச்சேன்."

ஊரிலிருந்து ஆச்சி வந்ததும் பெயர்ச் சண்டை தொடங்கியது. தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று ஆச்சி ஒற்றைக் காலில் நின்றார்கள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தால் பெற்றவள் 'பாப்பா', 'குட்டி' என்றுதான் காலம் முழுக்கக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ தாய்மார் அப்படித்தான் இருந்தார்கள்.

"நான் முடியாதுன்னுட்டேன். எம் பிள்ளைய நான் வாய் நெறயக் கூப்பிடணும். அந்த நோவுல கூப்பிட்டேனே, அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன்னு அழுதேன். உங்கப்பாதான் ஆச்சிக்குத் தெரியாம காதுல மூணு தடவ ஓதிட்டாரு. அதுக்கப்புறம் யாரு மாத்த?"

பின்னாலிருந்து அப்பா, "அதுக்கு எங்கம்மா ஆறு மாசம் எங்கிட்ட பேசல" என்று குரல் கொடுத்தார்.

"அவங்களுக்குத் தெரியுமாம்மா? அந்த அஞ்சலைக்கு?"

"கூடைய வாங்க வந்தாளே. சொன்னேன். தலைல அடிச்சுக்கிட்டா. 'இன்னாம்மா நீ, கோட்டர்ஸ் புள்ளைக்குப் போயி எம்பேரா, ஊரே சிரிக்கும்'னா. அப்புறம் உன்னைக் கையில வாங்கிட்டு, மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அஞ்சலைன்னு ஒரு தடவ மெதுவாக் கூப்பிட்டா. அவ வாயால அவ பேர அப்பதான் கூப்பிட்டுருப்பா, பாவம்."

பிறகு சில காலம் சுளை கொண்டுவந்தாளாம். அவள் ஊர் சுரங்கத்துக்கு எடுக்கப்பட்டபோது எல்லோரும் மூலைக்கு மூலை பிரிந்து போனார்கள். அம்மா விசாரித்துப் பார்த்தாள், திருவதிகைப் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். கிடைக்கவில்லை.

"அவ ஊரு இருந்த எடம் இப்பப் பள்ளம். போட்டோ கீட்டோ ஒண்ணும் கெடையாது. அவ பேரு மட்டுந்தான் எங்கிட்ட இருந்துச்சு, அத உனக்குக் குடுத்தேன்."

அஞ்சலை என்றால் என்ன அர்த்தம் தெரியுமா என்று அம்மாவைக் கேட்டேன். மலர் கண்டுபிடித்ததையும் ஆசிரியை சொன்னதையும் சொன்னேன். அம்மா நம்பவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"அப்ப பஸ்ஸுல நான் எனக்கே பயப்படாதன்னு சொல்லிக்கிட்டா இருந்தேன்?"

"ஆமாம்மா."

"சாயங்காலம் உன்னைக் கத்திக் கூப்பிட்டதெல்லாம்?"

"அதுவும்தான்."

கோயிலில் அம்மன் சிலைகளின் வலக்கை விரித்து உயர்ந்திருக்குமே, அதற்கு 'அஞ்சாதே' என்றுதான் பொருள் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் உயர்ந்த கையும் அதே கைதான். பலாச்சுளைக்காரிக்கு அது தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

6

இந்த வாரம் மறுபடி அலுவலகம் போனேன். மலர் தானாகவே கூட வந்தாள். அவள் பள்ளி விடுமுறை என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"ஃப்ராவ் சுடலைமுத்து, முடிவு செய்துவிட்டீர்களா? அன்யாதானே?"

"இல்லை. இருப்பதே இருக்கட்டும். ஆனால் அன்யலாய் இல்லை, அஞ்சலை."

அந்த அம்மாள் நல்லவர். பேனாவை வைத்துவிட்டு முயன்று பார்த்தார். அன்ஜலாய். அஞ்சாலை. மலர் குறுக்கே விழுந்து வாயை எப்படி வைக்க வேண்டும் என்று ஜெர்மனில் பாடம் எடுத்தாள். நாலாவது முறை சரியாக வந்தது. இந்த நாட்டில் அந்நியர் ஒருவர் என் பெயரை முழுதாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"அழகாக இருக்கிறது. என்ன அர்த்தம்?"

"கைன அங்ஸ்ட்" என்றேன்.

அவர் திகைத்து, "எனக்கென்ன பயம்?" என்றார். மலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்கள். குடியுரிமைச் சான்றிதழ் தருமுன் ஓர் உறுதிமொழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம், வீட்டில் பலமுறை படித்துப் பார்த்ததுதான். கையில் அந்தத் தாளை வாங்கியபோது பையிலிருந்த என் இந்தியப் பாஸ்போர்ட் ஞாபகம் வந்தது. இரண்டையும் வைத்துக்கொள்ள நம் நாட்டில் சட்டமில்லை. இதை வாங்கிக்கொண்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இனி நெய்வேலிக்குப் போக எனக்கும் விசா வேண்டும். சு. அஞ்சலை, பிறந்த ஊர் நெய்வேலி, விருந்தாளி.

எழுத்துகள் மங்கின. முதல் சொல்லே வரவில்லை. அலுவலக அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார்.

பெற்றவளின் பெயரைப் பிள்ளை வாயால் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். அதை மலருக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் என் பக்கத்தில் நெருங்கி வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் சுத்தமான தமிழில் ஒரே சொல் சொன்னாள்.

"அஞ்சலை."

கூப்பிட்டாளா, சொன்னாளா தெரியவில்லை. நான் படிக்க ஆரம்பித்தேன்.